பூட்டிய வீட்டுத் தண்ணீர்

மாத்தளை
10.09.1989

முத்துமாரி துணை

அன்புள்ள தம்பி சண்முகராஜாவுக்கு அக்கா பாலாமணி எழுதுவது. அம்மாவும் உன் மச்சானும் நானும் ஏதோ இருக்கிறோம். நீ மஸ்கட் வெயிலில் தலையை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் பாதிச் சுகம்.

நாட்டு நிலவரம் கேட்டு எழுதியிருந்தாய். அதை எழுத எனக்குத் தைரியம் கிடையாது. கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்களாம். நம் சந்தியிலேயே ஆமி சென்றி போட்டு வருகிறவர் போகிறவரை மறிக்கிறது. பின்னேரம் ஆனால் தெருவில் நாய்கூட இல்லை. அதனால் வீட்டு நிலவரத்தை மட்டும் எழுதுகிறேன்.

போன செவ்வாய் பெய்த மழையில் நம் கக்கூஸிலிருந்து அழுக்குத் தண்ணீர் மேலே வந்துவிட்டது. போகவேண்டியது திரும்பி வருகிறது தம்பி! குசினி தாண்டி அம்மாவின் அறைவரை வந்தது. அம்மா பாவம், தெரியாமல் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்துவிட்டார். சீனி வருத்தத்தில் வந்த அந்தப் புண் உனக்குத் தெரியும்தானே. டொக்டர் என்னைத்தான் ஏசினார். "இன்னொரு தடவ இந்த அழுக்கு பட்டுச்சுன்னா கால எடுக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டார்.

இனி ஐப்பசி, கார்த்திகை மழை வரப்போகிறது. இருட்டிக்கொண்டு வந்தாலே வாளியையும் துடைப்பத்தையும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். கண்டியிலிருக்கும் வீட்டு முதலாளியிடம் சொன்னால், "கட்டடம் பழசு, அப்படித்தான்" என்கிறார். அரபு நாட்டில் இதே வேலையைத்தானே செய்கிறாய்? ஒரு வழி சொல்லு.

மச்சான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் வழியைப் பார்த்திருக்கும் அக்கா
பாலாமணி


மஸ்கட்
26.09.1989

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் கால் எப்படி? கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள். மற்றபடி இங்கே நான் சுகம். மேல் வீட்டு றாபியாவின் புருஷன் ரவூப்பும் சுகம், பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வீட்டுக்கும் பின்முற்றத்தில் ஒரே குழிதான். மழைக்கு அந்தக் குழி நிறைந்தால் மேல்மாடிக்காரன் ஊற்றுவது எங்கே போகும்? பள்ளத்தைத் தேடும். கட்டடத்தின் பள்ளம் நம் வீடு. யாரோ ஒரு மகா புத்திசாலி கூரைத் தண்ணீர் வடிகிற பீலியையும் கக்கூஸ் குழாயில் மாட்டியிருப்பான், பாருங்கள். வாச்சர் பொன்னையாவைக் கொண்டு அதைக் கழற்றி வெளிச் சாக்கடைக் கானுக்குத் திருப்புங்கள். பழந்துணி, தேங்காய்ப்பூ எதையும் போடவேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள்.

முக்கியமான காரியம் வேறு. மழை பிடித்ததும் பன்னிரண்டு வீட்டிலும் ஒருவரும் தண்ணீர் ஊற்றக்கூடாது. மழை விட்டு, குழி இறங்கிய பிறகு ஊற்றட்டும். எப்படி அறிவிப்பது என்று கேட்பீர்கள். அம்மாவின் சீதனத் தாம்பாளம் சும்மாதானே கிடக்கிறது? தட்டுங்கள்! மூன்று மாடிக்கும் கேட்கும்.

மேல்மாடிச் சோமலதா அக்கா, ஞானசுந்தரம் ஐயா எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அம்மாவின் காலைத் தொட்டு,
தம்பி சண்முகம்


மாத்தளை
12.10.1989

முத்துமாரி துணை

அன்புள்ள தம்பிக்கு, அம்மாவின் புண் கொஞ்சம் காய்ந்திருக்கிறது. கட்டிலை உயர்த்தியாயிற்று. இப்போது அதில் ஏறி இறங்குவதே அம்மாவுக்குப் பெரிய பாடு. உனக்கு இருமல் என்று ரவூப் றாபியாவுக்கு எழுதியிருக்கிறான், நீ எழுதவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடி.

நீ சொன்னபடி வீடு வீடாகப் போனேன். முன்பு மாதிரி இல்லை தம்பி. கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு நின்றுவிடுகிறது. "நாந்தான், கீழ் வீட்டுப் பாலாமணி" என்று இரண்டு தரம் கத்திய பிறகுதான் தாழ்ப்பாள் விலகுகிறது. ஞானசுந்தரம் ஐயா குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் இரண்டு மாதமாகிறது. அவர் வீட்டில் பெரிய பூட்டுத் தொங்குகிறது. அடுத்த கதவு சோமலதாவுடையது. என்னைக் கண்டால் தன் சிங்களத்தில் "நங்கி", தங்கச்சி என்று கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறவள், கதவைப் பாதி திறந்து நின்றபடியே தலையாட்டி அனுப்பிவிட்டாள். மகன் சமிந்த எங்கே என்று கேட்டேன். படிக்கிற கெம்பஸைப் பூட்டியதிலிருந்து பல்லேபொலையில் மாமன் வீட்டில் இருக்கிறானாம். போன மாதம் ஆமிக்காரர் இரண்டு தரம் வந்து அவனைக் கேட்டுப் போனார்கள். ஒருமுறை கோணியால் முகம் மூடிய ஒருத்தனையும் கூட்டிவந்தார்கள். அவன் தலையாட்டினால் ஆள் தொலைந்தான். நாங்கள் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்றோம். அதை எழுதவேண்டாம் என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

பொன்னையா பீலியைக் கழற்றினான். மழை வந்ததும் தாம்பாளத்தைத் தட்டினேன். "என்னங்கம்மா, மழைக்குப் பூசை வைக்கிறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். ஆனால் தண்ணீர் குறைந்தது. முற்றாக நிற்கவில்லை, கக்கூஸ் படிவரை வந்து நின்றது. யாரோ ஒருத்தர் சொல்லுக் கேட்காமல் ஊற்றுகிறார்கள்.

மச்சான் சுகம். வேலைவிட்டு வந்ததும் கதவைப் பூட்டிக்கொள்கிறார்.

அக்கா பாலாமணி


மஸ்கட்
25.10.1989

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. ரவூப்பின் வாயைத்தான் அடைக்க முடியவில்லை. வருகிற மாத நடுவில் லீவில் வருகிறான். அவனிடம் ஒரு பித்தளைக் கதவு கொடுத்துவிடுகிறேன். நம் வீட்டுக் குழாய்க்குள் மாட்டினால் தண்ணீர் வெளியே போகும், உள்ளே வராது. வர முயன்றால் தானாகச் சாத்திக்கொள்ளும். இங்கே பெரிய கட்டடம் எல்லாவற்றிலும் இதுதான்.

அதுவரைக்கும் அந்தக் கள்ளனைப் பிடியுங்கள். வேலை சுலபம். பின்முற்றத்துக் குழியின் மூடியைத் திறந்தால் நான்கு குழாய் வாய் தெரியும். மேலிருந்து கீழாக மூன்று வீட்டுக்கு ஒரு குழாய். தாம்பாளத்தைத் தட்டிவிட்டுக் குடையோடு பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதோ அந்த மூன்று வீட்டில்தான் ஆள். பிடித்ததும் எழுதுங்கள். நானே இங்கிருந்து நாலு வார்த்தை கேட்கிறேன்!

அம்மாவுக்கு மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள், கால் தொங்கக்கூடாது.

தம்பி சண்முகம்


மாத்தளை
04.11.1989

முத்துமாரி துணை

அன்புள்ள தம்பிக்கு, இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இரு.

நேற்றுப் பின்னேரம் நல்ல மழை. தாம்பாளத்தைத் தட்டிவிட்டு, பொன்னையாவை மூடியைத் திறந்து வைக்கச் சொல்லி, நானும் றாபியாவும் ஒரே குடையில் குந்தியிருந்தோம். மூன்று குழாய் காய்ந்து கிடந்தது. நாலாவதில் தண்ணீர் வந்தது. வாளியால் ஊற்றுகிற மாதிரி விட்டுவிட்டு வந்தது. அது எது தெரியுமா? நம்முடைய வரிசை! கீழே நாம், நான் வெளியே இருக்கிறேன், மச்சான் வேலையில், அம்மா கட்டிலில். நடுவில் றாபியா, அவள் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருக்கிறாள். மேலே ஞானசுந்தரம் ஐயாவின் பூட்டிய வீடு.

"மழைத் தண்ணிதான் அக்கா, வாங்க போவம், புள்ளைக்கிக் குளிரும்" என்று றாபியா எழுந்துவிட்டாள். பூட்டிய வீட்டில் ஏதாவது தண்ணீர் டாங்கி ஒழுகுகிறதோ என்னவோ. வேறு விசேஷம் இல்லை.

அக்கா பாலாமணி


மாத்தளை
11.11.1989

அன்புள்ள தம்பிக்கு,

தண்ணீர் விஷயத்தை விட்டுவிடு. மழை குறைந்துவிட்டது. வீட்டுக்குள் எதுவும் வருவதில்லை. நான் முன்பு எழுதியது வெறும் சந்தேகம். முதலாளிக்கோ வேறு யாருக்கோ நீ ஒன்றும் எழுதவேண்டாம். என்னிடமும் இதைப் பற்றிக் கேட்டு எழுதாதே. மாரியம்மன் கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

அக்கா


மஸ்கட்
16.11.1989

அன்புள்ள அக்காவுக்கு,

பிடித்துவிட்டீர்களே! உங்கள் நாலாம் தேதிக் கடிதத்தை ரவூப்புக்கு வாசித்துக் காட்ட முடியவில்லை, அவன் அதற்குள் புறப்பட்டுவிட்டான். வேலை செய்கிற மற்றப் பொடியன்களுக்கு வாசித்தேன், கைதட்டினார்கள். ஞானசுந்தரம் ஐயா போகிற அவசரத்தில் எங்கேயோ ஒரு பைப்பை மூடாமல் போயிருக்கிறார். ஒரு பூட்டிய வீட்டின் தண்ணீருக்காக என் அம்மாவின் கால் போகவேண்டுமா?

முதலாளியிடம் நான் ஐந்து வருஷம் பைப் வேலை செய்தவன். என் பேச்சைக் கேட்பார். நேற்றே அவருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். மேல்மாடி பூட்டிய வீட்டில் தண்ணீர் ஓடுகிறது, பூட்டை உடைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் சுவரும் ஊறி விழும் என்று எழுதியிருக்கிறேன். சுவர் என்றால்தான் மனுசன் ஓடிவருவார்.

இனிப் பயமில்லாமல் தூங்குங்கள் அக்கா.

தம்பி சண்முகம்


மஸ்கட்
23.11.1989

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதினோராம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. அது உங்கள் கடிதம் மாதிரி இல்லை. முத்துமாரி துணை என்று மேலே போடவில்லை. அம்மாவின் காலைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னைச் சாப்பிட்டாயா என்றுகூட ஏசவில்லை. என்ன நடந்தது? மச்சானை யாராவது கூட்டிப் போனார்களா? அப்படியென்றால் "மச்சானுக்குக் காய்ச்சல்" என்று மட்டும் எழுதுங்கள், புரிந்துகொள்வேன்.

முதலாளிக்கு எழுதியது போய்விட்டது அக்கா. எழுதவேண்டாம் என்று நீங்கள் சொன்னது பிந்தித்தான் கிடைத்தது. ஒரு பூட்டைத் திறந்து ஒரு பைப்பை மூடுவதில் என்ன கெட்டது வரப்போகிறது? சொல்லுங்கள். எனக்கு வேலை ஓடவில்லை.

தம்பி சண்முகம்


மாத்தளை
03.12.1989

தம்பி,

இது தபாலில் வரவில்லை. ரவூப்பின் பெட்டியில், சீனிச் சம்பல் டின்னுக்கு அடியில் வருகிறது. வாசித்ததும் எரித்துவிடு. மச்சானுக்குக் காய்ச்சல் இல்லை. அம்மா சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

ஞானசுந்தரம் ஐயாவின் வீட்டுக்குள் சமிந்த இருக்கிறான்.

எழுதியே விட்டேன். அன்றைக்குக் குழிக்குள் வந்த தண்ணீரில் சவர்க்கார நுரை இருந்தது. உனக்கு அதை எழுதப் போனபோதே ஏதோ தடுத்தது, விட்டுவிட்டேன். பூட்டிய வீடு என்று எழுதியதையும் விட்டிருக்கவேண்டும், அந்தப் புத்தி அப்போது வரவில்லை. அடுத்த வாரம் கொழுக்கட்டை கொண்டுபோகிற சாட்டில் சோமலதாவின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் இரண்டு தட்டுச் சோறு. ஒற்றை மனுசிக்கு இரண்டு தட்டா? அவள் என் முகத்தைப் பார்த்தாள், அப்படியே கீழே குந்தி என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். "நங்கி, சத்தம் போடாத, நங்கி" என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லி அழுதாள். ஐயாவின் மனைவி தங்கேஸ்வரி போகும்போது ஒரு சாவியை அவளிடம்தான் கொடுத்திருக்கிறார். தமிழ் ஆட்களின் பூட்டிய வீட்டில் சிங்களப் பொடியனைத் தேடமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். சிங்களக் கெம்பஸ் பொடியன்களை அரசாங்கத்துக்கு எதிரானவர்கள் என்று ஆமி பிடிக்கிறது. அவனோடு படித்த இரண்டு பேரை நாலந்தாச் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஒருவன் றோட்டோரத்தில் பிணமாகக் கிடந்தான். மற்றவன் அதுவுமில்லை.

அவன் என்ன செய்தான், செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் அவள் நம்மிடம் ஏதாவது கேட்டாளா? கடைத்தெரு எரியும்போது நம் நாலு பேரையும் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டு, கூட்டம் வந்து கேட்டதற்கு, "இங்க எங்க புள்ள குட்டிதான்" என்று வாசலை மறித்து நின்றாள். தண்ணீர்ச் சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று அவள் ரேடியோவைப் பெரிதாக வைக்கும்போதுதான் கக்கூஸுக்கு ஊற்றுவோம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு போடச் சொல்லுக்கா, பாட்டு போடச் சொல்லு" என்று கெஞ்சினாயே, மறந்துவிட்டதா?

அந்தப் பிள்ளைக்கு ரேடியோவும் வைக்க முடியாது. பூட்டிய வீட்டுப் பக்கம் ஏன் சத்தம் என்று கேட்பார்கள். கட்டடம் இப்போது கிடக்கிற அமைதியில் ஒரு வாளி சரிந்தாலும் மூன்று மாடிக்கும் கேட்கும், பொன்னையா படிக்கட்டுக்கு அடியிலேயே கிடக்கிறான். அதனால் சமிந்த மழைக்குக் காத்திருக்கிறான். மழை இரைச்சலில்தான் குளிப்பான், துவைப்பான், ஊற்றுவான். நான் தாம்பாளத்தைத் தட்டி எல்லோரையும் நிறுத்துகிற நேரம் அவனுக்கு இருக்கிற ஒரே நேரம். நீயும் நானும் சேர்ந்து பன்னிரண்டு வீட்டுக் குழாயையும் அடைத்து அவன் ஒருத்தனைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தோம் தம்பி.

றாபியாவுக்கு எனக்கு முன்பே தெரியும். தலைக்கு மேலே காலடி கேட்காமலா இருக்கும்? அவளும் நானும் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மச்சானுக்கு நான் சொல்லவில்லை. அவர் தூக்கத்தில் பேசுகிற ஆள்.

ரவூப் வந்ததும் நீ அனுப்பிய கதவை மாட்டினான். அருமையான சாமான். வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? முற்றத்துக் குழியின் மூடியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. எல்லோரும் சுற்றி நின்று, "யார் ஊத்துறது, யார் ஊத்துறது" என்று மேலே மேலே பார்த்தார்கள். நான் மட்டும் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வியாழன் காலையில் முதலாளி காரில் வந்து இறங்கினார். கையில் உன் கடிதம். கூட ஒரு கொத்தன், மேசன் பாஸ், அவன் தோளில் பூட்டை நெம்ப அலவாங்கு. வடக்கு ஆட்களின் வீட்டைத் திறக்கிறோம், சாட்சி வேண்டும் என்று சென்றியிலிருந்து இரண்டு ஆமிக்காரரையும் கூட்டிக்கொண்டு படியேறினார். நான் மாவு பிசைந்த கையோடு ஓடினேன். மேலே சோமலதா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, படியின் நடுவில் நின்று மறித்துவிட்டேன்.

"ஐயா, மேலே ஒண்ணும் ஒழுகலங்க. நாந்தான் ஊத்துனேன்" என்றேன்.

"என்ன?"

"அம்மாவோட புண்ணுத் துணிய மழ நேரத்துலதான் அலசுவேங்க. வெளியில காயப்போட வெக்கம், நாத்தம். தம்பி கேட்டதுக்கு மேல் வீடுன்னு பொய் எழுதிட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க."

முற்றம் நிறைய ஆட்கள் தம்பி. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கேட்டது. முதலாளி கத்தினார்: "ஊர் முழுக்கத் தட்டடிச்சு நிப்பாட்டிட்டு நீயே ஊத்துனியா? வெக்கமா இல்ல?" மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். மேசன் பாஸ் அதைச் சிங்களத்தில் ஆமிக்காரருக்குச் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முதலாளி இறங்கிப் போனார். ஆனால் போகும்போது, "வருஷம் பொறந்ததும் வந்து எப்படியும் அந்த வீட்டத் தொறந்து பாப்பேன், செவரு என்னோடது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே நான் உன் கதவைக் கழற்றிவிட்டேன். முற்றத்துக்கு வந்தால் ஊர் பார்க்கும். என் வீட்டுக்குள் வந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? அம்மாவை றாபியா வீட்டுக்கு மாற்றியாயிற்று. அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை, கட்டிலைத் தூக்க அவளே ஒரு பக்கம் பிடித்தாள். நேற்று மழைக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது. அள்ளிக் கொட்டிக் கழுவினேன். நாற்றம் போகவில்லை. பரவாயில்லை.

பயமாக இருக்கிறது தம்பி. வாகனச் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். அகப்பட்டால் அவனோடு நம்மையும் சேர்த்துத்தான். ஆனாலும் மழை வருகிறதா என்று பார்க்கிறேன். அந்தப் பிள்ளை குளித்து எத்தனை நாளோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

எரித்துவிடு.

அக்கா


மஸ்கட்
12.12.1989

அன்புள்ள அக்காவுக்கு,

ரவூப் வந்துவிட்டான். சீனிச் சம்பல் கிடைத்தது. காரம் தாங்கவில்லை அக்கா, கண்ணெல்லாம் தண்ணீர். டின்னோடு முடித்துவிட்டேன், ஒன்றும் மிச்சமில்லை.

பாட்டுப் போடச் சொல்லி அழுதது எனக்கு மறக்கவில்லை. மறந்தவன் மாதிரி நடந்துகொண்டேன்.

முதலாளிக்கு இன்றே பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். நான் சொன்னது பிழை, பித்தளைக் கதவோடு எல்லாம் சரியாகிவிட்டது, சுவருக்கு ஒரு குறையும் வராது, எந்த வீட்டையும் திறக்கவேண்டியதில்லை, திறந்தால் ஞானசுந்தரம் ஐயா வழக்குப் போடுவார் என்று எழுதினேன். அவருக்கு வழக்கு என்றால் பயம். வருஷத்துக்கு முன் கிடைக்கவேண்டும். தபால் கந்தோரில் பொடியனிடம் நாலு தரம் கேட்டேன், கிடைக்கும் என்கிறான். நீங்கள் மாரியம்மனிடம் சொல்லுங்கள்.

கதவு இப்போதைக்குக் கழன்றே இருக்கட்டும். கழுவும்போது காலில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். கையில் காயம் இருந்தால் தண்ணீரில் வைக்காதீர்கள். மேலே வருகிற தண்ணீர் தொடர்ந்து வருகிறதா? வருகிறது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள், எனக்கு அது போதும்.

அம்மாவையும் உங்களையும் கும்பிட்டுக்கொண்டு,
தம்பி சண்முகம்


மாத்தளை
08.01.1990

முத்துமாரி துணை

அன்புள்ள தம்பிக்கு, புது வருஷம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். அம்மாவின் புண் நன்றாக ஆறிவிட்டது. றாபியாவின் பிள்ளையைத் தொட்டில் ஆட்டுகிற வேலை அம்மாவுக்குத்தான். மச்சானும் சுகம். பொங்கலுக்கு இங்கே ஒரு ஏற்பாடும் இல்லை, நீ ஏதாவது வாங்கிச் சாப்பிடு.

முதலாளி போன செவ்வாய் வந்தார். நான் வாசலுக்கு ஓடினேன். காரைவிட்டு இறங்கவே இல்லை அவர். "ஒன் தம்பி எழுதியிருக்கான், ஒரு வீட்டையும் தொறக்க வேணாமுன்னு. அதச் சொல்லத்தான் வந்தேன். லீவு நாள்ள தபால் சுணங்கி நேத்துத்தான் கெடச்சுது. நல்ல பொடியன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோமலதாவுக்குச் சொந்தமான ஒரு பிள்ளை வஹகோட்டை வேதக் கோவிலுக்கு வருஷப் பூசைக்கு என்று அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பகலில் வேனில் புறப்பட்டது. முதலாளி வந்து வீட்டைத் திறக்குமுன் போய்விடவேண்டும் என்ற அவசரம். அங்கே ஒரு பாதர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம். பாதையில் ஒரு சென்றியில் வேனை நிறுத்தினார்களாம். மற்றவர்கள் எல்லோரும் பூசை கண்டு திரும்பி வந்துவிட்டார்கள். சோமலதா ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் எங்கெங்கோ போகிறாள், பின்னேரம் வருகிறாள். நான் சோறு கொண்டுபோய் வைக்கிறேன். பழக்கத்தில் இரண்டு தட்டை எடுத்து வைக்கிறாள்.

நீ எழுதியது பிந்திவிட்டது என்று மனசைப் போட்டு வருத்தாதே. நீயும் நானும் ஒரே நாளில்தான் நினைத்தோம், தபால்தான் வேறு வேறு நாளில் போகிறது.

முந்தாநாள் பின்னேரம் கொட்டோ கொட்டென்று மழை. தாம்பாளத்தைத் தட்டிவிட்டுக் குழியடியில் போய்க் குந்தினேன். நான் கூப்பிடாமலே றாபியாவும் வந்தாள். ஒரே குடையில் நாலாவது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மழை விடும்வரை இருந்தோம். ஒரு சொட்டு வரவில்லை. "நாலும் காஞ்சு கெடக்குங்க! கெட்டிக்காரத் தம்பி ஒங்களுக்கு" என்றான் பொன்னையா. றாபியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நீ ஒரு வரி கேட்டிருந்தாய். தண்ணீர் வருவதில்லை தம்பி. வீடு முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. அந்தத் தரையைப் பார்க்கத்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

பித்தளைக் கதவை மாட்டச் சொல்லி எழுதுவாய், தெரியும். அதைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மாட்டமாட்டேன். அம்மாவும் றாபியா வீட்டிலேயே இருக்கட்டும். என்றாவது ஒரு மழையில் அந்தப் பிள்ளை திரும்பி வந்தால் தண்ணீர் ஊற்றவேண்டும் அல்லவா?

இருமல் வராமல் பார்த்துக்கொள்.

மழை பார்த்திருக்கும் அக்கா
பாலாமணி